முகத்துவாரத்தில் இழுத்த வலை

கடலைப் பார்க்க ஒரு ஜன்னல்கூட இல்லாத அறையில் உட்கார்ந்துகொண்டு, கடலில் யார் எந்த வலை போடுகிறார்கள் என்று சொல்கிற ஒருவர் இருந்தார். அவர் பெயர் மெஹருன்னிசா. நாகப்பட்டினத்துப் பக்கம், மீன்பிடிப் படகுகளின் போக்கைக் கண்காணிக்கிற ஓர் அலுவலகத்தின் மாடியில் அவருக்கு வேலை.

ஒவ்வொரு விசைப்படகிலும் ஒரு சின்னக் கருவி பொருத்தியிருப்பார்கள். படகு எங்கே இருக்கிறது, என்ன வேகத்தில் போகிறது என்பதை அது விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். அலுவலகத்துத் திரையில் அது புள்ளி புள்ளியாக விழுந்து ஒரு கோடாகும். மெஹருன்னிசா அந்தக் கோட்டைப் பார்ப்பார். இது தூண்டில், இது செவுள் வலை, இது இழுவை மடி என்று சொல்லிவிட்டு அடுத்த கோட்டுக்குப் போய்விடுவார்.

அவரிடம் பாடம் கேட்க வந்தவர் தட்சிணாமூர்த்தி. மெஹருன்னிசாவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். வாயே திறக்காமல் முனிவர்களுக்குப் பாடம் சொன்ன கடவுளின் பெயரை அவருக்கு வைத்திருந்தார்கள். ஆனால் இவருக்கு வாய் மூடாது. சென்னையில் கணினி வேலை பார்த்துச் சலித்துப்போய் மனைவியின் ஊர்ப் பக்கம் வந்து சேர்ந்திருந்தார். படகில் ஏறினால் தலை சுற்றும். "பொரிச்சு வச்சா சாப்பிடுவேன் மேடம், எனக்கும் கடலுக்கும் அவ்வளவுதான் உறவு" என்று முதல் நாளே ஒப்புக்கொண்டார். நல்ல மனிதர். கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசை உண்மையாகவே இருந்தது.

"எப்படி மேடம் பாத்த உடனே சொல்றீங்க?" என்று அவர் கேட்டார்.

"மொதல்ல வேகத்தைப் பாருங்க சார். வலையைத் தண்ணியில விட்டவன் வேகமா போக முடியாது."

"அப்புறம்?"

"அப்புறம் அவன் எங்க திரும்பறான்னு பாருங்க."

தட்சிணாமூர்த்தி பார்க்கக் கற்றுக்கொண்டார். இழுவை மடி போட்ட படகு வயல் உழுகிற மாதிரி போகும், மெதுவாக, ஒரே வேகத்தில், போய்த் திரும்பி, போய்த் திரும்பி. சுருக்குமடி ஒரு வட்டம் போட்டுவிட்டு நின்றுவிடும். தூண்டில் படகு கயிற்றை விட்டுக்கொண்டே விறுவிறுவென்று போகும், காத்திருக்கும், பிறகு விட்ட வழியிலேயே ஊர்ந்து திரும்பும். செவுள் வலைக்காரர் வலையை இறக்கிவிட்டு நீரோட்டம் போகிற பக்கம் மிதப்பார். இதெல்லாம் தவிர இரட்டைமடி என்று ஒன்று உண்டு. இரண்டு படகு, நடுவில் ஒரே வலை. இரண்டும் நெருங்காமலும் விலகாமலும் இணையாகப் போகும். அடியில் கிடக்கும் குஞ்சு குளுவான் வரை எல்லாவற்றையும் அது வாரிக்கொண்டு வந்துவிடும் என்பதால் அரசாங்கம் அதைத் தடை செய்திருந்தது.

ஒரு நாள் நடுக்கடலில் ஒரு கோடு அப்படியே நின்றது. தட்சிணாமூர்த்தி உற்றுப் பார்த்தார். இன்ஜின் கோளாறாக இருக்கும் என்றார். இல்லை, கணவாய் மீன் பிடிக்கிறார்கள் போல என்றார். வலை பாறையில் மாட்டியிருக்கும் என்றும் சொல்லிப் பார்த்தார்.

"சாப்பிடறாங்க சார்" என்றார் மெஹருன்னிசா.

"அது எப்படி மேடம் இந்தக் கோட்டுல தெரியுது?"

"கோட்டுல தெரியல. மணியைப் பாருங்க. நீங்க இன்னும் சாப்பிடலையா?"

தட்சிணாமூர்த்தி சிரித்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தார்.

கொஞ்ச நாளில் அவர் தமக்குத் தெரிந்த வித்தையில் இறங்கினார். மெஹருன்னிசா பெயர் சொன்ன கோடுகளையெல்லாம் சேர்த்து, கணினியே பார்த்துச் சொல்கிற மாதிரி ஒரு நிரலை எழுதினார். அலுவலகத்தில் எல்லாரும் அதை மிஷின் என்றார்கள். அது அசராமல் சொன்னது. இரவெல்லாம் வந்து குவிந்த கோடுகளைக் காலையில் பிரித்துப் பெயர் வைத்துக் கொடுத்தது. அறிக்கைக்கான படிவத்தையும் அவரே வடிவமைத்தார். அதில் எதையும் சேர்க்கவோ எடுக்கவோ தேவையில்லாதபடி கச்சிதமாகச் செய்திருப்பதாகச் சொல்லிக்கொண்டார். பெற்ற பிள்ளை முதல் மார்க் வாங்கின மாதிரி அவருக்குப் பெருமை. மெஹருன்னிசாவும் பாராட்டினார்.

அப்படியிருக்க, ஒரு புதன்கிழமை காலை மெஹருன்னிசா வந்து பையை வைப்பதற்குள் தட்சிணாமூர்த்தி எழுந்து வந்தார்.

"மேடம், இரட்டைமடி மாட்டியிருக்கு. சந்தேகமே வேண்டாம்னு சொல்லுது மிஷின். நானும் பாத்துட்டேன், ரெண்டு படகும் ஒட்டிப் பொறந்த மாதிரி போகுது. ரெண்டு நாளா இழுத்திருக்காங்க."

"யாரு படகு?"

"ஒண்ணு குப்புராசுன்னு ஒருத்தர் பேர்ல இருக்கு. இன்னொண்ணு சிங்காரவேலு. ஒரே ஊர்."

"அந்த ஊர்ப் படகு மத்ததெல்லாம்?"

"அதுதான் மேடம் கொடுமை. எல்லாம் கரையில நிக்குது. ரெண்டு நாளா ஒண்ணுகூட அசையல. ஊரே ஏதோ கட்டுப்பாட்டுல நிக்கறப்ப, இவங்க ரெண்டு பேர் மட்டும் திருட்டுத்தனமா போயிருக்காங்க."

"எங்க இழுத்தாங்க?"

"முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் வெளிய. ஒரே இடத்தையே சுத்திச் சுத்தி."

"அங்க மீன் கிடைக்குமா?"

"கிடைக்கலன்னா எதுக்கு மேடம் ரெண்டு நாள் இழுக்கணும்?"

மெஹருன்னிசா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்.

"மிஷின் சொன்னது சரிதான் சார். இழுத்தது இரட்டைமடிதான்."

தட்சிணாமூர்த்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் கண்டுபிடித்த முதல் குற்றம் அது. அன்று மதியமே நோட்டீஸ் தயாராகிவிட்டது. இரண்டு படகுக்கும் உரிமம் நிறுத்திவைக்கப்படுகிறது, வெள்ளிக்கிழமை விசாரணை, அதற்குள் வலையை ஒப்படைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. விசாரணையில் குற்றம் உறுதியானால் உரிமம் திரும்பக் கிடைப்பது கஷ்டம். உரிமம் இல்லாத படகு வெறும் மரம்தான்.

"தபால்ல அனுப்பிடட்டுமா மேடம்?"

"வேணாம் சார். நீங்களே கொண்டுபோய்க் கையில குடுத்துட்டு வாங்க."

"நானா? எனக்கு அந்த ஊர்ல ஒருத்தரையும் தெரியாதே."

"தெரியாதுன்னுதான் போகச் சொல்றேன்."

தட்சிணாமூர்த்திக்கு அது பிடிக்கவில்லை. யாராவது சண்டைக்கு வந்தால் காட்டுவதற்காக, இரண்டு கோடுகளையும் பெரிய தாளில் வண்ணத்தில் அச்சடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஊருக்குள் நுழைந்தபோது படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. திரையில் பார்த்தது போலவேதான் இருந்தது. மீன் ஏலம் போடும் கொட்டகையில் ஆள் இல்லை. வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் ஒருவரும் இல்லை. டீக்கடையும் மூடியிருந்தது. தெருவில் குடத்தோடு போன ஒரு பெண்ணிடம் குப்புராசு வீடு எது என்று கேட்டார். அவள் வாயால் எதுவும் சொல்லாமல் பந்தல் போட்டிருந்த ஒரு வீட்டைக் கை காட்டினாள்.

பந்தலைப் பார்த்து ஏதோ விசேஷம் என்று நினைத்தார். கிட்டே போனதும்தான் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் பேசாமல் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மழிக்காத தாடியோடு ஒருவர் எழுந்து வந்தார். இரண்டு உள்ளங்கையிலும் துணி சுற்றியிருந்தது.

"வாங்க சார். யாரைப் பாக்கணும்?"

"குப்புராசு."

"நான்தான். உக்காருங்க."

"படகு விஷயமா ஆபீஸ்லேருந்து வர்றேன். ஒரு நோட்டீஸ் இருக்கு."

குப்புராசு அதை வாங்கி, நின்றபடியே எழுத்து எழுத்தாகப் படித்தார். தட்சிணாமூர்த்தி பைக்குள் கையை விட்டுத் தாளைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

"ஆமா சார். நாங்கதான் இழுத்தோம்."

தாளை எடுக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. தட்சிணாமூர்த்தி பையிலிருந்து கையை வெளியே எடுத்தார்.

"தடை பண்ண வலைன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும் சார். தடை வந்த அன்னிக்கே ஊர்க்கூட்டம் போட்டு அத்தனை இரட்டைமடியையும் ஒப்படைச்சிட்டோம். ஒண்ணே ஒண்ணு மட்டும் வச்சுக்கிட்டோம். கோயில் ரூம்புல கெடக்கும். சாவி பஞ்சாயத்தார்கிட்ட இருக்கு. மீனுக்கு அதை எடுக்க மாட்டோம்."

"அப்ப வேற எதுக்கு எடுத்தீங்க?"

அவர் குதர்க்கமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். ஆனால் கேட்ட பிறகு வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் அழுகுரல் கிளம்பியது. நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்த ஒருவர் தலையை நிமிர்த்தினார்.

"என் தம்பி சார்" என்றார் அவர். அவர்தான் சிங்காரவேலு. "நாகூரான்னு பேரு. இந்தக் குப்புராசு மச்சானோட தங்கச்சியைத்தான் கட்டியிருந்தான். ஃபைபர் படகுல போயிட்டு வர்றப்ப முகத்துவாரத்துல அலை தூக்கிக் கவுத்துடுச்சு. கூடப் போனவங்க நீந்தி வந்துட்டாங்க. இவன் வரல."

தட்சிணாமூர்த்தி நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்.

"நீங்க புகார் குடுக்கலையா?"

"அன்னிக்கே குடுத்தோம். ஒரு படகு வந்துச்சு. சுத்திப் பாத்துட்டுப் போயிட்டாங்க. தண்ணிக்கு மேல சுத்துனா எப்படி சார் கிடைப்பான், அவன் அடியிலதானே கெடக்கான்."

குப்புராசு நோட்டீஸை நான்காக மடித்தார்.

"எங்க ஊர்ல ஒருத்தன் கடல்ல போயிட்டா, அவன் கரைக்கு வர்ற வரைக்கும் எந்தப் படகும் தொழிலுக்குப் போவாது சார். அவன் கெடக்கிற தண்ணியில மீன் புடிச்சுத் திங்க முடியுமா? தேடுற படகு மட்டும்தான் போவும். பஞ்சாயத்தார் சாவியைக் குடுத்தாங்க. ஊர் வலையை எடுத்தோம். நானும் மச்சானும் ஆளுக்கு ஒரு நுனியா கட்டிக்கிட்டு இழுத்தோம்."

"ரெண்டு நாளுமா?"

"மீன் நிறைய வந்துச்சு சார். ஒவ்வொரு தடவையும் மடியை அவுத்து, பாத்துட்டு, அப்படியே கடல்லயே விட்டுட்டு மறுபடி இறக்குனோம். ரெண்டாம் நாள் சாயங்காலம் நாகூரான் வந்தான்."

ஓயாமல் பேசுகிற தட்சிணாமூர்த்திக்கு அன்று ஒரு வார்த்தை வரவில்லை. பையிலிருந்த வண்ணத்தாள் ஞாபகம் வந்தது. அதை யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

"எங்க சார் கையெழுத்துப் போடணும்?" என்று குப்புராசு கேட்டார்.

கயிறு அறுத்த கை. பேனாவைச் சரியாகப் பிடிக்க வரவில்லை. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு போட்டார். சிங்காரவேலுவும் வந்து போட்டார். ஒருவரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

தெருமுனை வரைக்கும் குப்புராசு கூடவே வந்தார். ஸ்கூட்டரைக் கிளப்புவதற்கு முன்னால் மெதுவாகச் சொன்னார்.

"சட்டப்படி தப்புதான் சார். படகை வேணா நிறுத்துங்க, பாத்துக்கறோம். வலையை மட்டும் எடுத்துட்டுப் போகாம ஏதாவது பண்ணுங்க. இன்னும் எத்தனை பேரு கடலுக்குப் போயிட்டு வர்றோம்."

தட்சிணாமூர்த்தி ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தார். தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டார்.

மறுநாள் காலை அலுவலகத்துக்கு வந்தவர் நேரே மாடிக்குப் போகவில்லை. கீழ்த்தளத்தில், புகார் வாங்குகிற இடத்தில் விசாரித்தார். முகத்துவாரத்தில் ஒருவரைக் காணவில்லை என்ற தகவல் அங்கே படகு கவிழ்ந்த அன்றே வந்திருந்தது. மேலே அனுப்ப வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கீழே வந்து கேட்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றியதில்லை. இரண்டு தளத்துக்கும் நடுவில் இருந்தது ஒரு மாடிப்படிதான். அதை நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது.

மெஹருன்னிசா தம் இடத்தில் இருந்தார். தட்சிணாமூர்த்தி ஊரில் கண்டதையும் கேட்டதையும் ஒன்று விடாமல் சொன்னார். மெஹருன்னிசா திரையை விட்டுத் திரும்பி உட்கார்ந்து கேட்டார். நாகூரான் பெயர் வந்த இடத்தில் மட்டும் கண்ணை மூடித் திறந்தார்.

"மிஷின் தப்பு பண்ணிடுச்சு மேடம். அந்த ரெண்டு கோட்டையும் அழிச்சுடறேன்."

"என்ன தப்பு பண்ணுச்சு?"

"அது இரட்டைமடி இல்ல மேடம்."

"ரெண்டு படகும் இழுக்கலையா?"

"இழுத்தாங்க."

"நடுவுல வலை இல்லையா?"

"இருந்துச்சு."

"அப்ப அது சரியாத்தானே சொல்லியிருக்கு?"

தட்சிணாமூர்த்தி உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நான் பண்ணதுதான் தப்பு."

மெஹருன்னிசா திரைப் பக்கம் திரும்பினார். திரையில் அந்த இரண்டு நாள் கடலைக் கொண்டுவந்தார். குப்புராசு படகின் கோட்டையும் சிங்காரவேலு படகின் கோட்டையும் மறைத்தார். கரையோரம் மற்ற படகுகளின் புள்ளிகள் மட்டும் மிஞ்சின.

"இதைப் படிங்க சார்."

"இதுல என்ன மேடம் இருக்கு, எல்லாம் சும்மா நிக்குது" என்று சொல்ல வாயெடுத்தவர், பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒவ்வொன்றும் ஒரு படகு. ஒவ்வொன்றையும் நம்பி அன்றைக்கு அடுப்பெரிய வேண்டிய நாலைந்து வீடு.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?"

"தெரியாது. தெரிஞ்சிருந்தா நோட்டீஸே போக விட்டிருக்க மாட்டேன். மீனுக்கு இழுக்கறவன் ஒரே இடத்தையே ரெண்டு நாள் சுத்த மாட்டான், ஊர்ப் படகெல்லாம் வேற நிக்குது. என்னமோ இருக்குன்னு பட்டுச்சு. இங்க உக்காந்து பாத்தா அவ்வளவுதான் தெரியும்."

"அப்புறம் எதுக்குக் கையெழுத்துப் போட்டீங்க?"

"இரட்டைமடியான்னு கேட்டீங்க. ஆமான்னு போட்டேன். அதோட நிறுத்தியிருக்கக் கூடாது."

தட்சிணாமூர்த்தி சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தார்.

"நாளைக்கு விசாரணை மேடம்" என்றார் தட்சிணாமூர்த்தி. "கோட்டை அழிச்சுட்டா கேஸே இல்ல. ஒரு பொத்தானை அமுக்கினாப் போதும்."

"அழிச்சா?"

"அவங்க தப்பிச்சுடுவாங்க."

"அடுத்த தடவை ஊர் வலை இறங்கறப்ப?"

"அப்பவும் அழிச்சுடறேன்."

"நீங்க லீவுல இருந்தா?"

தட்சிணாமூர்த்தி தம் நாற்காலியைப் பார்த்தார். அடுத்து யார் எப்போது கடலில் விழுவார்கள் என்று யாருக்குத் தெரியும். அந்த நேரத்தில் இந்த நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்திருக்கலாம். அவருக்கும் மிஷின் இதையேதான் சொல்லும். அவரும் சந்தோஷப்படுவார்.

"அப்ப இப்படியே அனுப்பறதா? விசாரணை பண்றவர் படிவத்துக் கட்டத்துல இருக்கறதை மட்டும்தான் மேடம் படிப்பாரு. அதுக்குக் கீழ பக்கம் பக்கமா எழுதினாலும் பாக்க மாட்டாரு."

"விசாரணைக்கு நம்ம பக்கம் யாரு போறது?"

"நான்தான் போகணும்."

"சரி. என்னென்ன கட்டம் வச்சிருக்கீங்க?"

"படகு, தேதி, இடம், வலை. கடைசியா பிடிபட்ட மீன். அது மட்டும் காலியா இருக்கும். கோட்டை வச்சு அதைச் சொல்ல முடியாது."

"வலைங்கற கட்டத்துல இரட்டைமடின்னே இருக்கட்டும்."

"மேடம்…"

"கடைசிக் கட்டத்துல நாகூரான்னு போடுங்க."

தட்சிணாமூர்த்தி திடுக்கிட்டு அவரைப் பார்த்தார்.

"மனுஷன் பேரைப் போய் மீன் கட்டத்துலயா மேடம் போடறது?"

"வேற கட்டம் வச்சிருக்கீங்களா?"

அவர் வைத்திருக்கவில்லை. அந்தப் படிவத்தை வரைந்தவரே அவர்தான். மனிதர்களுக்கென்று அதில் ஓர் இடமும் விடவில்லை.

விசைப்பலகையை இழுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். கண் கலங்கியதால் இரண்டு தடவை திருத்த வேண்டியிருந்தது. கட்டம் அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டது. அறிக்கை விசாரணை அதிகாரிக்குப் போயிற்று.

"நாளைக்கு அங்க எல்லார் முன்னாடியும் இது என்ன மீனுன்னு என்னைக் கேப்பாங்க மேடம்."

"கேக்கட்டும் சார்" என்றார் மெஹருன்னிசா. "நாம கேக்காம விட்டதை அவங்களாவது கேக்கட்டும்."